சீனி வருத்தமும் உடல் அசைவும்: ஊர் திரும்பியவர்களுக்குச் சில வார்த்தைகள்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில் இயன்மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



வளவு துப்புரவாக்கும் வேலை, கிணறு இறைக்கும் வேலை, வீட்டுத் திட்டப் படிவம் நிரப்பும் வேலை என்று ஆயிரம் வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் சிலருக்கு நீரிழிவு இருக்கிறது. நாங்கள் பேச்சில் சலரோகம் என்கிறோம், சீனி வருத்தம் என்கிறோம். எல்லாம் ஒன்றுதான். இந்த வருத்தத்துக்கு மூன்று மருந்து உண்டு. ஒன்று குளிசை அல்லது ஊசி. இரண்டாவது அளவான சாப்பாடு. மூன்றாவது உடம்பின் அசைவு. முதல் இரண்டையும் பற்றி கிளினிக்கில் சொல்லியிருப்பார்கள். நான் மூன்றாவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

முகாமில் இருந்த உடம்பு, ஊரில் செய்யும் வேலை

நலன்புரி நிலையத்தில் இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்கு வரிசை, நிவாரணத்துக்கு வரிசை, மற்ற நேரம் கூடாரத்துக்குள் இருப்பு. தோட்டம் இல்லை, கடல் இல்லை, மாடு கன்று இல்லை. சாப்பாடோ அநேகமாகச் சோறும் பருப்பும் கோதுமை மாவும். அசைவு குறைந்து மாச்சாப்பாடு கூடினால் இரத்தத்தில் சீனி ஏறும். அப்படி ஏறியிருந்த சீனிக்கு ஏற்றபடிதான் பலருக்கு அங்கே குளிசையின் அளவு எழுதப்பட்டது.

இப்போது ஊருக்கு வந்துவிட்டீர்கள். வந்த மறுநாளே கத்தியும் மண்வெட்டியுமாக வளவுக்குள் இறங்குகிறீர்கள். பத்து இருபது வருடப் பற்றையை வெட்டுகிறீர்கள். காலையில் ஒரு வெறுந்தேத்தண்ணி, பிறகு மத்தியானம் வரை வேலை. குளிசை மட்டும் பழைய அளவிலேயே போகிறது. இது ஆபத்தான சேர்க்கை. சீனி மளமளவென்று இறங்கி, பற்றைக்குள்ளேயே மயங்கி விழக்கூடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. வேலை செய்தால் போதும், பயிற்சி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். வளவு வேலையும் அசைவுதான், நல்லதுதான். ஆனால் ஒரு நாள் ஆறு மணித்தியாலம் வெட்டிவிட்டு, நாரிப்பிடிப்போடு நான்கு நாள் படுத்தால் சீனி ஒரு நாள் கீழே, நான்கு நாள் மேலே. உடம்புக்கு வேண்டியது ஒழுங்கு. தினமும் கொஞ்சம் என்பதே இந்த வருத்தத்துக்குப் பொருந்தும்.

அசைவு சீனியை எப்படிக் குறைக்கிறது

நாம் சாப்பிடும் சோறும் புட்டும் பாணும் வயிற்றில் சீனியாக மாறி இரத்தத்துக்குள் போகின்றன. அந்தச் சீனி தசைக்குள் போக இன்சுலின் என்ற சுரப்பு கதவைத் திறக்க வேண்டும். சலரோகக்காரருக்கு இன்சுலின் போதாது, அல்லது இருந்தாலும் கதவு இலேசில் திறக்காது. ஆனால் தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே சீனியை உள்ளே இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் பல மணித்தியாலங்களுக்கு, சிலருக்கு ஒரு நாள் வரைக்கும், அந்தக் கதவு இலகுவாகத் திறக்கும். அதனால்தான் ஒன்றுவிட்ட ஒரு நாளாவது அசைய வேண்டும், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது என்கிறோம்.

இது வெறும் வாய்ப்பேச்சல்ல. சலரோகத்தின் ஓரத்தில் நின்ற 531 பேரை வைத்து இந்தியாவில் செய்த ஆய்வு ஒன்று 2006 இல் வெளிவந்தது. உணவு, நடை என்ற பழக்கங்களை மாற்றியவர்களிடம் வருத்தம் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. மெற்போமின் குளிசை மட்டும் எடுத்தவர்களிடம் சுமார் 26 சதவீதம் குறைந்தது. அதாவது நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் குளிசைக்குச் சளைத்தவை அல்ல. வீட்டில் ஒருவருக்குச் சலரோகம் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே இந்தப் பேச்சு உங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நடக்கிறேன்தானே என்று குளிசையை நீங்களாக நிறுத்தக் கூடாது. குறைப்பதும் கூட்டுவதும் வைத்தியரின் வேலை.

எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம்

பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் 30 நிமிடம். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கலாம். சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பது சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சீனியை நன்றாகவே தணிக்கும்.

வேகத்தை அளக்க மணிக்கூடு தேவையில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். கதைக்கவே மூச்சு வாங்கினால் குறையுங்கள். தாராளமாகப் பாட வந்தால் கொஞ்சம் கூட்டுங்கள்.

பல மாதமாக நடக்காதவர் முதல் வாரம் ஐந்து நிமிடம் போய் ஐந்து நிமிடம் வந்தால் போதும். வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். வெயில் ஏறும் முன் காலையிலும், வெயில் தாழ்ந்த பின் மாலையிலும் நடவுங்கள். ஒரு போத்தல் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

எங்கே நடப்பது

வேறு ஊரில் இந்தத் தலைப்பே தேவையில்லை. எங்கள் ஊரில் தேவை. மிதிவெடி அகற்றி முடித்து, அனுமதி தந்த வீதியிலும் வளவிலும் மட்டும் நடவுங்கள். குறுக்குப் பாதை, மண் அணை, பழைய பங்கர், பற்றை மூடிய ஒழுங்கை, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடம் எதற்குள்ளும் காலை வைக்க வேண்டாம். முன்பு பழகிய பாதைதானே என்று நினைக்கவும் வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், போன வழியாலேயே திரும்பி வந்து, கிராம அலுவலருக்கோ வெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள்.

காட்டோரக் கிராமங்களில் யானை நடமாட்டம் இருக்கும். விடிந்த பிறகு, நாலைந்து பேராகப் போங்கள். தனியே வெளிக்கிடத் தயங்கும் பெண்கள் அயலவர்களோடு சேர்ந்து பாடசாலை மைதானத்திலோ கோயில் அல்லது தேவாலய வளவிலோ நடக்கலாம். அதுவும் வசதியில்லை என்றால் உங்கள் முற்றமே போதும். இருபது அடி நீளமான முற்றத்தில் போய் வந்து போய் வந்து பத்து நிமிடம் நடந்தாலும் அது நடைதான்.

வீட்டில் செய்யும் பயிற்சி

நடையோடு தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேண்டும். தசை பெருத்தால் சீனியை வாங்கி வைக்கும் இடமும் கூடும். இவற்றுக்குச் செலவில்லை.

முதலாவது, கதிரையில் இருந்து எழும்புதல். ஆடாத கதிரை ஒன்றைச் சுவரோடு வையுங்கள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழும்பி நின்று, மெதுவாக இருங்கள். பத்துத் தடவை. முடியாதவர்கள் கையை ஊன்றி எழும்பலாம்.

இரண்டாவது, குதி தூக்குதல். சுவரையோ கதிரையின் முதுகையோ பிடித்துக்கொண்டு, முன்னங்காலில் எழும்பி, மூன்று எண்ணும் வரை நின்று இறங்குங்கள். பத்துத் தடவை. கால் ஆட்டம் உள்ளவர்களுக்கு இது விழுவதைக் குறைக்கும்.

மூன்றாவது, சுவரைத் தள்ளுதல். சுவருக்கு ஓரடி அல்லது ஒன்றரை அடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் வைத்து, முழங்கையை மடித்து நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுங்கள். பத்துத் தடவை. தகரக் கொட்டிலில் இருப்பவர்கள் தகரத்தில் தள்ள வேண்டாம், நல்ல மரமொன்றில் தள்ளுங்கள்.

நான்காவது, பாரம் தூக்குதல். ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ. இரு கையிலும் ஒவ்வொன்றைப் பிடித்து, முழங்கையை மடித்துத் தோள் வரை தூக்கி இறக்குங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கித் தூக்கக் கூடாது, இரத்த அழுத்தம் திடீரென ஏறும். சலரோகத்தால் கண்ணின் பின்புறம் பழுதென்று சொல்லப்பட்டவர்கள் பாரம் தூக்கும் முன் கண் கிளினிக்கில் கேட்க வேண்டும்.

இலேசாகிவிட்டால் இதே வரிசையை ஒரு முறை ஓய்வெடுத்து இரண்டாம் தடவையும் செய்யுங்கள்.

தோள் இறுகினால்

சலரோகக்காரருக்குத் தோள்மூட்டு இறுகுவது மற்றவர்களை விட அதிகம். கை மேலே போகாது, தலை இழுக்க முடியாது, கிணற்றில் அள்ளும்போது உயிர் போகும். வயது வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். மேசையைப் பிடித்துக் குனிந்து, நோகும் கையைத் தொங்கவிட்டு, ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் இலேசாக ஆட்டுங்கள். பிறகு சுவரில் விரல்களை ஊர விட்டு முடிந்த உயரம் வரை ஏறி இறங்குங்கள். இன்று எட்டிய இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த வாரம் கோடு உயர்ந்திருக்கும். கொஞ்சம் இழுவை தெரியலாம், ஆனால் பல்லைக் கடிக்கும் நோவு வரக்கூடாது. நோவு கூடினால் வைத்தியசாலையில் பிசியோதெரபிப் பகுதிக்குக் கடிதம் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை.

சீனி இறங்கினால்

இன்சுலின் ஊசி போடுபவர்களும், கிளிபென்கிளமைட், தொல்பியூற்றமைட் போன்ற குளிசை எடுப்பவர்களும் இதைக் கட்டாயம் கேளுங்கள். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. எந்தக் குளிசை என்று தெரியாவிட்டால் கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேளுங்கள்.

சீனி இறங்கும்போது கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி எடுக்கும், கண் மங்கும். இன்னும் இறங்கினால் கதை தடுமாறும், காரணமில்லாமல் கோபம் வரும், பிறகு மயக்கம். வெயிலில் வேலை செய்கிறவருக்கு வியர்வை சாதாரணம்தானே என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைத்துவிடுவார்கள். அங்கேதான் உயிர் போகிறது.

அளந்து பார்க்க வசதியிருந்து 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் அது இறக்கம். அளக்க வசதியில்லை என்றால் அறிகுறியே போதும். உடனே வேலையை நிறுத்தி இருங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் பொறுங்கள். சுகமில்லை என்றால் இன்னொரு தடவை. சுகமானதும் ஒரு துண்டுப் பாணோ பிஸ்கற்றோ சோறோ சாப்பிடுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரைக்கேறும். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, கிடைக்கும் வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

வராமல் தடுப்பது இப்படி: வெறும் வயிற்றோடு வேலைக்கு இறங்க வேண்டாம். சாரத்து மடிப்பிலோ சேலைத் தலைப்பிலோ ஒரு சீனிப் பொட்டலம் முடிந்திருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கொரு தடவை இளைப்பாறிக் கொஞ்சம் சாப்பிடுங்கள். தனியே தூரத்து வளவுக்குப் போக வேண்டாம். நடக்கப் போகும் முன் தொடையில் இன்சுலின் போட்டால் அது வேகமாக ஏறும், வயிற்றில் போடுங்கள். பகலில் கடும் வேலை செய்தால் இரவு நித்திரையிலும் சீனி இறங்கலாம். அன்றைக்கு இராச்சாப்பாட்டைத் தவறவிட வேண்டாம்.

வேறொரு சந்தேகமும் பலரிடம் உண்டு. பனங்கட்டி சீனியை ஏற்றாது என்கிறார்கள். ஏற்றும். நாள்தோறும் தேத்தண்ணியோடு கடிப்பதற்கு அதுவும் சீனியைப் போலத்தான்.

பாதத்தைப் பாருங்கள்

சலரோகம் காலின் நரம்பைப் பழுதாக்கும். அப்போது விறைப்பு வரும், முள் ஏறினாலும் தெரியாது. எங்கள் வளவுகளில் இப்போது முள் மட்டுமா கிடக்கிறது? ஓட்டுத்துண்டு, கண்ணாடி, துருப்பிடித்த தகரம், கம்பி. சுடுமணலில் வெறுங்காலோடு நின்றால் கொப்புளம் போடும், அதுவும் தெரியாது. சின்னக் காயம் பழுத்து, கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரும். சண்டையில் தப்பிய காலை ஒரு கண்ணாடித் துண்டுக்குக் கொடுக்கலாமா?

விறைப்பு இருக்கிறதா என்று இன்றைக்கே வீட்டில் பார்க்கலாம். கண்ணை மூடிப் படுங்கள். வீட்டில் ஒருவர் தன் சுட்டுவிரல் நுனியால் உங்கள் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை இரண்டு காலிலும் மெல்லத் தொடட்டும். ஒவ்வொன்றையும் ஒரு செக்கன், இரண்டு செக்கன் தொட்டால் போதும். அழுத்தவும் கூடாது, தட்டவும் கூடாது. தொட்டது தெரிந்தால் வலது, இடது என்று சொல்லுங்கள். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

வீட்டு முற்றத்திலும் செருப்போடு நடவுங்கள். வளவு வெட்டும்போது மூடிய சப்பாத்துப் போடுங்கள். போடும் முன் தலைகீழாகத் தட்டுங்கள், கல்லும் இருக்கலாம், தேளும் இருக்கலாம். இரவு படுக்கும் முன் பாதம் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்களுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். ஆணிக்கூட்டை பிளேட்டால் வெட்ட வேண்டாம். காலில் ஆறாத புண் இருக்கும்வரை நடைப்பயிற்சியை நிறுத்தி, கதிரையில் இருந்தபடி கைப்பயிற்சி செய்யுங்கள்.

ஒரு கால் இழந்தவர்களுக்கு

எங்கள் மக்களில் பலர் யுத்தத்தில் காலை இழந்தவர்கள். அவர்களுக்குச் சலரோகமும் இருந்தால் மற்றக் கால் மிகப் பெறுமதியானது. மேலே சொன்ன பாதப் பரிசோதனையைக் காலை மாலை இரண்டு வேளையும் செய்யுங்கள். செயற்கைக் காலைக் கழற்றியதும் மொளிப்பகுதியைக் கண்ணாடியில் பாருங்கள். சிவந்த இடம் அரை மணித்தியாலத்துக்குள் மறையாவிட்டால் கால் பொருந்தவில்லை என்று அர்த்தம், திருத்தக் கொடுங்கள். உடம்பு மெலிந்தாலும் பெருத்தாலும் பொருத்தம் மாறும். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது. உங்கள் மாவட்ட வைத்தியசாலையிலும் விசாரியுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்கும் பயிற்சி உண்டு. போத்தல் தூக்குவது, கதிரையில் இருந்து கைகளை ஊன்றி உடம்பை உயர்த்துவது, குத்துவது போலக் கைகளை மாறி மாறி முன்னே நீட்டுவது. பத்து நிமிடம் செய்து பாருங்கள், வியர்க்கும்.

எப்போது நிறுத்த வேண்டும்

நெஞ்சில் நோவோ இறுக்கமோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவோ, வழமைக்கு மாறான மூச்சுத்திணறலோ, தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போங்கள். சலரோகக்காரருக்கு மாரடைப்பு நோவில்லாமலும் வரும். காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம் உள்ள நாளிலும், சீனி 250 மில்லிகிராமுக்கு மேல் நின்று உடம்பும் சுகமில்லாத நாளிலும் பயிற்சி வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

முகாமில் தந்த கிளினிக் கொப்பியை எடுத்து ஈரம் படாமல் பொலித்தீன் பையில் வையுங்கள். தொலைந்திருந்தால் மிஞ்சிய குளிசை அட்டையையாவது கொண்டு உங்கள் பகுதி வைத்தியசாலைக்குப் போய்ப் பதியுங்கள். போகும்போது இதைச் சொல்லுங்கள்: “டொக்டர், முகாமில் சும்மா இருந்தேன், இப்போது தினமும் இத்தனை மணித்தியாலம் வளவு வேலை செய்கிறேன்.” அந்த ஒரு வசனத்தைக் கேட்டால்தான் அவர் மருந்தின் அளவைச் சரிபார்க்க முடியும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் பாவிக்கும் இன்சுலினை மூடிய போத்தலில் போட்டு, ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் நிழலில் வையுங்கள்.

பிறகு அயலில் சலரோகம் உள்ள இன்னொருவரைத் தேடிப் பிடியுங்கள். நாளைக்கு விடிந்ததும் இருவரும் பத்து நிமிடம் நடவுங்கள். ஒருவர் சோம்பினால் மற்றவர் படலையில் நின்று கூப்பிடட்டும். வீட்டைத் திரும்பக் கட்ட, தோட்டத்தைத் திரும்பச் செய்ய, பிள்ளைகளைப் படிப்பிக்க உங்களுக்கு இன்னும் பல வருடங்கள் வேண்டும். அதற்குக் காலும் கண்ணும் சுகமாக இருக்க வேண்டும்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் இங்கேயே ஒருவரின் கதிரையை வைத்து எழும்பி இருக்கும் பயிற்சியைச் செய்து பார்ப்போம்.